மூன்றாவது கோப்பியில் தெரியும் வித்தியாசம்: கொதிகலன் லீவரா, கேத்தில் லீவரா?

நெம்புகோலைக் கையால் அழுத்திச் சுடுதண்ணீரைக் கோப்பித் தூளுக்குள்ளால் தள்ளும் லீவர் எஸ்பிரெசோ மெசின் வாங்க நினைக்கிறவர்கள் விலையைக் கேட்பார்கள், பாலுக்கு நீராவி வருமா என்று கேட்பார்கள், மேசையில் வைத்தால் வடிவாக இருக்குமா என்றும் பார்ப்பார்கள். அடுத்தடுத்து மூன்று கோப்பி போட்டால் மூன்றாவது எப்படி இருக்கும் என்று கேட்கிறவர் குறைவு. யாழ்ப்பாணத்து வெக்கைக்குள் இருந்துகொண்டு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

எங்கள் குசினியில் இரண்டு வகையும் இருக்கின்றன. ஒன்று கொதிகலன் உள்ளது. இந்த வகையில் பெயர் பெற்றது 1961இல் வந்த லா பவோனி யூரோபிக்கோலா. எங்களிடம் இருப்பது அதே மாதிரியான அமைப்போடு வேறு பெயரில் வந்தது. மச்சான் பிரான்ஸில் இருந்து உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். மற்றதில் கொதிகலனே கிடையாது. கேத்திலில் கொதித்த தண்ணீரை ஊற்றி, கையால் அழுத்தி இறக்க வேண்டும். ஃபிளேர், கஃபேலாட் ரோபோட் எல்லாம் இந்த இனம். விடிய எழும்பினால் என் கை போவது இதனிடம்தான். ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அழுத்தம், நுரை, ருசி என்று பார்த்தால் இரண்டிலும் நல்ல எஸ்பிரெசோ வரும். கொட்டையை அரைக்கும் மெசின் சரியில்லாவிட்டால் இரண்டிலும் வராது. அதை இத்தோடு விடுவோம். பிரச்சினை சூடு.

கொதிகலனுக்குள் அழுத்தம் 0.8 பார் காட்டும்போது தண்ணீர் ஏறக்குறைய 117 பாகை செல்சியஸில் இருக்கும். கோப்பித் தூளுக்குத் தேவையானதோ 90 முதல் 96 வரை; கறுக்க வறுத்த கொட்டைக்கு அதிலும் கொஞ்சம் குறைவு. இடையில் உள்ள இருபது சொச்சம் பாகையை யார் குடிப்பது? தண்ணீர் தூளில் இறங்குமுன் கடந்து வரும் பித்தளைத் தலைதான். அது குளிர்ந்திருக்கும் வரை தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தத் தலை கொதிகலனோடு நேரே பூட்டப்பட்டிருக்கிறது. நாம் ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றாலும் சூடு ஊர்ந்துகொண்டே வரும். முதல் கோப்பி நன்றாக இருக்கும், இரண்டாவது அதைவிடத் திறமாக இருக்கும். மூன்றாவதுக்கு வரும்போது தலையே சுட்டுக் கிடக்கும், வாங்கிக்கொள்ள அதற்கு இடம் இல்லை.

அந்த நேரம் லீவரை உயர்த்தினால் உள்ளே சிர்ர் என்று சத்தம் கேட்கும். கோப்பி நூலாக இறங்காமல் துப்பித் துப்பி வரும். மேலே வெளிறிய நுரை, பெரிய பெரிய குமிழ்கள், வாயில் வைத்தால் கருகல் கசப்பு. அவசரப்பட்டுத் தூள் போடும் கைப்பிடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே அடைபட்ட நீராவி ஒரு தும்மல் தும்மும். ஈரத் தூள் சுவரிலும் சேட்டிலும் அப்பிக்கொள்ளும்.

மிலானில் குளிர்காலத்துக் குசினி 18 பாகை என்று வையுங்கள், இங்கே சித்திரை மாதத்து மத்தியானக் குசினி 33. தொண்ணூறு பாகையில் நிற்கும் தலை காற்றுக்கு விடக்கூடிய சூடு இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இத்தாலியர் மூன்று கோப்பி போடுகிற இடத்தில் நாங்கள் இரண்டோடு நிறுத்த வேண்டிவருவது அதனால்தான்.

சமாளிக்க வழிகள் உண்டு. தலையில் வெப்பம் காட்டும் ஒட்டுப் பட்டை ஒன்றை ஒட்டிவிடுவது முதல் வேலை. கண்ணால் பார்த்தால்தான் கையை அடக்கலாம். இரண்டாவது கோப்பிக்குப் பிறகு சுவிற்சை நிறுத்தி, நீராவிக் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கலாம். கைப்பிடியைக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி எடுத்துத் துடைத்துப் பூட்டலாம். தலைக்கும் கொதிகலனுக்கும் இடையில் வைக்கச் சூடு கடத்தாத பிளாஸ்டிக் வட்டும் விற்கிறார்கள். எல்லாரும் சொல்வது ஈரத்துணி: தலையைச் சுற்றிப் போட்டு எடுப்பது. அது நன்றாகவே வேலை செய்யும், மின்சாரப் பக்கம் தண்ணீர் சொட்டாமல் பார்த்துக்கொண்டால். ஆனால் எங்கள் மொட்டைமாடித் தாங்கித் தண்ணீர் மத்தியானத்தில் கையையே சுடும். துணியை நனைக்க மண்பானைத் தண்ணீரோ பிரிட்ஜ் தண்ணீரோ வேண்டும். தலைக்கு மேலே ஒரு மின்விசிறி சுழன்றால் அதுவும் உதவி.

சரி, இவ்வளவும் செய்து சூட்டைக் கழிக்கிறோம். கேத்தில் லீவரில் கணக்கு நேர் எதிர்: சூட்டைக் கூட்ட வேண்டும். கூட்டுவது சுலபம் என்பதுதான் நான் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு முழுக் காரணம்.

இதில் சூடு தேங்க இடமில்லை. எத்தனை கோப்பி போட்டாலும் உள்ளே இருக்கும் எந்தப் பாகமும் கேத்தில் தண்ணீரைவிடச் சூடாக முடியாது. யாழ்ப்பாணம் கடல்மட்டத்தோடு இருப்பதால் அந்த உச்சி 100 பாகை. (நுவரெலியாவில் 94க்குக் கிட்டவே தண்ணீர் கொதித்துவிடும், அங்கே இருக்கிறவர் இதைப் படித்து என்னைத் திட்டலாம்.) ஊற்றும்போது உலோகம் கொஞ்சம் குடிக்கும், தூள் கொஞ்சம் குடிக்கும், தொண்ணூறை ஒட்டி வந்து நிற்கும். குளிர் நாட்டுக்காரர் இந்த மெசினைப் பற்றிச் சொல்லும் குறையே, உலோகம் சில்லென்று இருந்து சூட்டை உறிஞ்சிவிடுகிறது, கோப்பி புளிக்கிறது என்பதுதான். எங்கள் வெக்கை இங்கே நமக்கு உதவி செய்கிறது: தண்ணீர் ஊற்றும் உருளை 18இல் இல்லை, 32இல் இருந்து தொடங்குகிறது.

நான் செய்வது இதுதான். ஃபிளேரின் உருளையைக் கழற்றி, கேத்தில் கொதிக்கும்போது அதன் வாயில் வைப்பேன். நீராவி ஏறி, துணி இல்லாமல் பிடிக்க முடியாத பதம் வந்ததும் எடுத்துப் பூட்டி, தண்ணீர் ஊற்றி, சில விநாடி ஊறவிட்டு அழுத்துவேன். இளம் வறுவலுக்கு இந்தச் சூடாக்கல் கட்டாயம். கறுத்த வறுவலுக்கு உருளையைச் சூடாக்காமல், கேத்திலின் கொதி அடங்கும்வரை பொறுத்து ஊற்றினாலே போதும். முதல் தடவை பார்த்த சித்தப்பா, "என்ன தம்பி, சைக்கிளுக்குக் காத்தடிக்கிறியே?" என்றார். குடித்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை, இன்னொன்று கேட்டார். அது முதலாவதைப் போலவே இருந்தது.

குறைகளும் சொல்ல வேண்டும். நீராவி இல்லை, பாலைச் சட்டியில்தான் சூடாக்க வேண்டும், கொதிகலன் லீவரில் வரும் பட்டுப்போன்ற பால் நுரை வராது. ஒவ்வொரு கோப்பிக்கும் கழற்றிக் கொட்டிக் கழுவிப் பூட்ட வேண்டும். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறி வெளிநாட்டுச் சொந்தம் எல்லாம் வந்து இறங்கினால் நான் இதைத் தொடுவதே இல்லை. வேர்க்கொம்பும் மல்லியும் போட்ட கோப்பி, அல்லது தேத்தண்ணி.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் கடினம். கேத்திலின் அடியில் படியும் அந்த வெள்ளைப் படை கொதிகலனுக்குள்ளும் படியும், சூடாக்கும் கம்பியையும் மூடும். கேத்தில் என்றால் தேசிக்காய் பிழிந்து கொதிக்க வைத்தால் போகும். கொதிகலனுக்கு சிட்ரிக் அமிலம் கரைத்து ஊறவிட்டு, பல தடவை அலச வேண்டும். உள்ளே கண்ணால் பார்க்க முடியாத இடம், முழுதாகப் போனதா என்ற சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். வடிகட்டிய போத்தல் தண்ணீர் பாவிக்கிறவருக்கு இந்தத் தலையிடி குறைவு.

2022இல் கரண்ட் பதின்மூன்று மணித்தியாலம் போன நாட்களில் கொதிகலன் மெசின் வெறும் அலங்காரம். காஸும் தட்டுப்பாடான காலம் அது. விறகடுப்பில் கொதித்த தண்ணீரும் கேத்தில் லீவருக்குப் போதும்.

தலையை மின்சாரத்தால் அளவோடு சூடாக்கும் ஃபிளேர் 58 போன்றவை இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. நண்பர் வீட்டில் குடித்த பழக்கம்தான் எனக்கு. குடித்தது நன்றாக இருந்தது, அதற்கு மேல் சாட்சி சொல்ல மாட்டேன்.

விடிய ஒன்றோ இரண்டோ கோப்பி, அதுவும் பாலோடுதான் என்றால் கொதிகலன் லீவரை வாங்குங்கள். இரண்டாவதோடு சூட்டுக் கதை முடிந்துவிடும், நீராவியும் கையில் இருக்கும். பாவித்த மெசினை உறவுக்காரர் மூலம் எடுப்பிப்பதென்றால் ஐரோப்பாவில் இருந்து எடுப்பியுங்கள், அது எங்கள் 230 வோல்ற்றுக்குப் பொருந்தும். கனடாவில் இருந்து வருவது 120. அப்படியே சொருகினால் கம்பி எரிந்துவிடும். ரப்பர் வளையங்கள் ஒரு தொகுதியும் கூடவே கேட்டு வாங்குங்கள், சூட்டில் முதலில் இறுகிப்போவது அவைதான்.