பழைய குழந்தை நட்சத்திரங்களைத் தேடி வரும் யூடியூப் பேட்டிக்காரர்கள்: உஷார்

சின்ன வயதில் சினிமாவில் நடித்தவர்களும் அவர்கள் வீட்டாரும் இதைப் படித்துவிட்டு, தெரிந்த பழைய ஆட்களுக்கும் அனுப்பிவிடுங்கள். ‘அன்று குழந்தை நட்சத்திரம், இன்று எங்கே’ என்று நிகழ்ச்சி செய்வதாகச் சொல்லி ஒரு யூடியூப் சேனல்காரர்கள் என்னிடம் வந்தார்கள். பேட்டி எடுத்தார்கள். நான் சோற்றுக்கே வழியில்லாமல் கிடப்பதாக வீடியோ போட்டு, என் பெயரைச் சொல்லி ஜனங்களிடம் பணமும் வசூலித்திருக்கிறார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் சேனல் பெயரை இங்கே எழுதவில்லை, வக்கீல் வேண்டாம் என்றார்.

எண்பதுகளின் கடைசியில் டைட்டிலில் ‘மாஸ்டர்’ போட்டு வந்த பையன்களில் நானும் ஒருவன். ஹீரோவின் சின்ன வயது, ஹீரோயினின் தம்பி, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோகும் பிள்ளை, இந்த மாதிரி வேஷங்கள். மீசை அரும்பியதும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதில் சோகம் ஒன்றும் இல்லை, அந்தத் தொழிலின் வழக்கமே அதுதான். 1960-ல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த கமல்ஹாசனே நடுவில் நாடகம், தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளர் வேலை என்று பல வருஷம் சுற்றிவிட்டுத்தான் ஹீரோ ஆனார். ஸ்ரீதேவிக்கு அந்த இடைவெளியே கிடைக்கவில்லை. 1976-ல் ‘மூன்று முடிச்சு’ வந்தபோது அவர் கதாநாயகி, வயது 13. யோசித்துப் பார்த்தால் எனக்குக் கிடைத்ததே தேவலை. பாலிடெக்னிக் முடித்தேன், பூந்தமல்லி பக்கம் எலக்ட்ரிகல் கடை வைத்தேன், பெண்ணைப் படிக்க வைக்கிறேன்.

இதையெல்லாம்தான் பேட்டியில் சொன்னேன். வந்த தம்பி ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார், “சார், உங்க படம்லாம் எங்கம்மா ஃபேவரிட் சார்” என்றார். பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, பேமென்ட்டுக்கு என்று ஆதார், பான் கார்டு நகல் வாங்கிக்கொண்டார். ஒரு ஒப்புதல் படிவமும் நீட்டினார். அதில் ‘எந்த வகையிலும் எடிட் செய்துகொள்ள’ என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழேயே ‘நான் சொன்னதன் பொருள் மாறாமல்’ என்று பேனாவால் எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன், அந்தப் பக்கத்தை போனில் படமும் எடுத்துக்கொண்டேன். தம்பியின் முகம் கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான்.

கேமரா வைக்க அவர்களுக்குக் கடை முன்பக்கம் பிடிக்கவில்லை. போர்டு தெரிகிறதாம், லைட் அதிகமாம். பின்னால் காலி அட்டைப் பெட்டி போடும் குடோனில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். “வேற பழைய சட்டை ஏதாச்சும் இருக்கா சார், இது ரொம்ப பளிச்சுனு இருக்கு” என்று கேட்டார் கேமரா பிடித்த பையன். மாற்ற முடியாது என்றேன். அப்புறம் என்னுடைய பிரபலமான வசனத்தை அதே குரலில் பேசச் சொன்னார்கள். அந்தக் குரலே என்னுடையது இல்லையப்பா, ஒரு டப்பிங் அம்மா பேசியது என்று சொன்னேன். (அந்தக் காலத்தில் எங்களில் பாதிப் பேருக்குப் பெண்கள்தான் குரல் கொடுத்தார்கள். இது கூடத் தெரியாமல் சினிமா பேட்டி எடுக்க வருகிறார்கள்.)

முக்கியமான கேள்வி சம்பளத்தைப் பற்றி. சின்ன வயதில் சம்பாதித்த பணம் எங்கே போனது என்று சுற்றிச் சுற்றி அதையே கேட்டார்கள். இருந்ததைச் சொன்னேன்: மேனேஜர் அப்பா கையில் கொடுப்பார், அப்பா அம்மாவிடம் கொடுப்பார், வீட்டு வாடகை, அக்கா கல்யாணம், என் படிப்பு, எல்லாம் அதில்தான் நடந்தது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி அமையாது என்பதற்காக ஜாக்கி கூகன் கதையை விரிவாகவே சொன்னேன். 1921-ல் சாப்ளினோடு ‘தி கிட்’ படத்தில் நடித்த அமெரிக்கப் பையன், அவன் சம்பாதித்தது முப்பது நாற்பது லட்சம் டாலர் இருக்கும் என்பார்கள். 1935-ல் ஒரு கார் விபத்தில் அப்பா போய்விட்டார். வயது வந்ததும் பணத்தைக் கேட்டால் அம்மாவும், அவர் மறுமணம் செய்துகொண்டவரும் கொடுக்க மாட்டேன் என்றார்கள். பிள்ளை சம்பாதித்தது பெற்றவர்களுக்கே சொந்தம் என்பதுதான் அன்றைய சட்டம். 1938-ல் கேஸ் போட்டு, கடைசியில் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். அந்தக் கூத்துக்கு அப்புறம்தான் 1939-ல் கலிபோர்னியாவில் அவர் பெயராலேயே அறியப்படும் சட்டம் வந்தது, இன்று அங்கே குழந்தை நடிகரின் வருமானத்தில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டே ஆக வேண்டும். நம் ஊரில் அந்த மாதிரி விதி வர 2017 ஆனது. குழந்தைத் தொழிலாளர் சட்ட விதிகளில் இப்போது இருக்கிறது: வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட், ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இப்போது ரீல்ஸ், விளம்பரம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலையும் பெற்றோருக்கு இது போய்ச் சேரட்டும் என்றுதான் மெனக்கெட்டுப் பேசினேன்.

வீடியோவில் இது ஒரு வரி கூட இல்லை.

இருந்தது என்ன தெரியுமா? “அம்மாவும் கொடுக்க மாட்டேன் என்றார்” என்று கூகனைப் பற்றிச் சொன்னதைக் கத்தரித்து, என் அம்மாவின் பழைய போட்டோ மேல் ஒட்டியிருந்தார்கள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால் அதைப் பார்க்கவில்லை. வயலின் அழுகிறது, குடோன் இருட்டு, தும்மல் வந்து மூக்கைத் துடைத்தேன் பாருங்கள், அதை ஸ்லோமோஷனில் கண்ணைத் துடைப்பதாக ஆக்கிவிட்டார்கள். தம்ப்நெயிலில் ‘ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஏங்கும் குழந்தை நட்சத்திரம்’. கீழே டிஸ்கிரிப்ஷனில் ‘இவருக்கு உதவ’ என்று ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் வரும் பெயர் என்னுடையது இல்லை, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பெயர்.

எனக்கு விஷயம் தெரிந்ததே எனக்குச் சரக்கு தரும் ஒயர் டீலர் மூலமாகத்தான். முப்பது நாள் கடனுக்கு வருஷக்கணக்காக அனுப்புகிற மனுஷன், போன் செய்து தயங்கித் தயங்கி, “இந்த லோடுக்கு மட்டும் கேஷா குடுத்துருங்களேன்” என்றார். பிறகு சொந்தக்காரர்கள். பெண்ணின் காலேஜில் யாரோ ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்கள். என் ஸ்கூல் நண்பன் ஒருவன் அந்தக் கோடுக்கு ஐயாயிரம் அனுப்பிவிட்டு, நான் கூச்சப்படுவேன் என்று என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? சொன்ன பத்தாயிரமும் வரவில்லை, அதை நான் இப்போது எதிர்பார்க்கவும் இல்லை.

கேட்டதற்கு முதலில், “நெகட்டிவ்வா இருந்தாதான் சார் போகும், உங்களுக்கும் ரீச்தானே” என்று பதில். மறுபடி கேட்டதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். வக்கீல் மூலம் நோட்டீஸ் போன பிறகு க்யூஆரை மட்டும் எடுத்தார்கள், தம்ப்நெயிலை மாற்றினார்கள், வீடியோ அப்படியேதான் இருக்கிறது. இதற்குள் வேறு பக்கங்கள் அதை வெட்டி ரீல்ஸ் ஆக்கிவிட்டன.

இவர்களுக்கு நம்மைப் பற்றி இரண்டே கதைதான் தெரியும், ஒன்று கோடீஸ்வரன், இல்லை பிச்சைக்காரன். ‘சலாம் பாம்பே’ இந்திப் படத்தில் சிறுவனாக நடித்து தேசிய விருது வாங்கிய ஷஃபீக் சையத் பெங்களூரில் ஆட்டோ ஓட்டுகிறார் என்று எத்தனை வருஷமாக எத்தனை பேர் உச்சுக் கொட்டி எழுதியிருப்பார்கள். ஆட்டோ ஓட்டிக் குடும்பம் நடத்துவதில் உச்சுக் கொட்ட என்ன இருக்கிறது?

என்னைக் காப்பாற்றியது ஒன்றுதான், அக்கா பையன் முழுப் பேட்டியையும் தன் போனில் ஓரமாக நின்று எடுத்திருந்தான். நீங்களும் யாருக்காவது பேட்டி கொடுத்தால் அப்படி எடுக்க ஆள் வையுங்கள், வேண்டாம் என்று சொல்கிற குழுவை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆதார் நகல் கொடுக்காதீர்கள், பணம் தர அது தேவையே இல்லை, கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எதற்குக் கொடுக்கிறோம் என்று நகலின் குறுக்கே எழுதிக் கொடுங்கள். மானநஷ்டம் என்றால் போலீஸ் நேராக எஃப்ஐஆர் போடாது, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசி-க்குப் பதிலாக வந்த சட்டம்) 356-வது பிரிவின் கீழ் நாமேதான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப் புகார் கொடுக்க வேண்டும், அது மெதுவாக நகரும். ஆனால் பொய் சொல்லிப் பணம் வசூல் என்பது வேறு, அது மோசடி. அதற்கு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் கூப்பிடலாம், சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம், பணம் அனுப்பியவர்களே செய்தால் இன்னும் நல்லது. நான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்கியிருக்கிறேன். யூடியூபிலும் தனியுரிமைப் புகார் போட்டிருக்கிறேன்.

என் பழைய படங்களைப் பார்த்திருந்து, இரக்கப்பட்டு யாராவது அந்தக் கோடுக்குப் பணம் அனுப்பியிருந்தால், ஐம்பது ரூபாயாக இருந்தாலும் சரி, ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருங்கள், தேதியும் யூபிஐ ஐடியும் தெரிகிற மாதிரி எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். எவ்வளவு பேர் அனுப்பினார்கள் என்று காட்டினால்தான் கேஸ் நகரும் என்கிறார் எஸ்ஐ.