கல்யாணத்துக்கு வந்த சொந்தங்களை பினாங்கில் தங்க வைக்கப் போய் 6,840 வெள்ளி இழந்தேன்

தங்கை கல்யாணம் முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. வாசலில் கட்டிய வாழை இன்னும் முழுசாக வாடவில்லை. அதற்குள் காவல் நிலையம், வங்கி, மறுபடியும் காவல் நிலையம் என்று அலைந்துவிட்டு வந்து எழுதுகிறேன். 6,840 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். மாதம் 400 வெள்ளி கூட்டு (சீட்டு) கட்டி, மற்றவர்கள் எல்லாரும் எடுத்து முடித்த பிறகு கடைசியாக என் கைக்கு வந்த பணம். ஆறப் போட்டால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும். அதனால் சூட்டோடு எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் பினாங்கு தீவில், ஒரு பழைய தோட்டத்து மாளிகையில். பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் மிளகு போட்ட சஃபோக் தோட்டத்தின் பெயரில் ஆயர் ஈத்தாம் சாலையில் இன்றைக்கும் ஒரு மாளிகை நிற்கிறதே, அந்த ரகம். எங்கள் மாளிகையின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விதிகளை முதல் நாளே தாளில் கொடுத்துவிட்டார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஓமம் வெளியே புல்வெளியில்தான், மரத் தரையில் விளக்கெண்ணெய் சிந்தினால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள், விருந்தினர் தங்க அறை கிடையாது. தங்கைக்கு அந்த மாடிப்படியும் உயரமான ஜன்னல்களும் பிடித்துப்போயின. சரி, அவள் கல்யாணம்.

அறை கிடையாது என்பதில்தான் என் தலைவலி தொடங்கியது. வெளியூர் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை மூத்தவள் என்பதால் என் தலையில். திருச்சியிலிருந்து பெரியம்மா குடும்பம் 11 பேர், சிங்கப்பூரிலிருந்து 7 பேர், ஈப்போவிலிருந்து 5 பேர். ஆக மொத்தம் 23. திருச்சிக்காரர்கள் விமானத்தில் கோலாலம்பூர் வந்து, சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் தீவுக்கு வருவதாக ஏற்பாடு. மலேசியாவுக்குள் வர மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும் அல்லவா, 11 பேர் பாஸ்போர்ட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நானே உட்கார்ந்து நிரப்பினேன். கிள்ளான் மாமா காரை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு வருவேன் என்றார். 2021லிருந்தே கார் ஏற்றுவதில்லை மாமா, பாலத்தில் வாங்க என்று அவருக்கு இரண்டு தடவை சொன்னேன். இவ்வளவு விவரமாக இருந்தவள்தான் நான். சிரிப்பு வருகிறது.

மலேசிய தின விடுமுறையை ஒட்டி வந்த முகூர்த்தம். ஜார்ஜ்டவுனில் ஹோட்டல் அறைகள் விலை கேட்கவே பயமாக இருந்தது. அப்போதுதான் வீடுகளை நாள் வாடகைக்கு விடும் ஒரு பெரிய இணையத் தளத்தில் அந்த வீட்டுக்காரனைக் கண்டுபிடித்தேன். கடலைப் பார்த்த அடுக்குமாடியில் நாலு வீடு, ஒரே கட்டடத்தில். நல்ல படங்கள், நாற்பதுக்கு மேல் பாராட்டு. தளத்தில் கேள்வி கேட்டேன். பதில் தமிழில் வந்தது.

அங்கேதான் நான் விழுந்தேன். தமிழ் பேசினான் என்பதற்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், நான் அவ்வளவு அப்பாவி இல்லை. அவன் கேட்ட கேள்விகள் அப்படி. "முகூர்த்தம் எத்தனை மணிக்குக்கா?" ஆறரை என்றேன். "அப்போ வேன் அஞ்சு மணிக்கே கீழே நிக்கணும். பட்டுப்புடவை கட்டிக்கிட்டு அந்நேரத்துக்கு கிராப் டாக்சி தேட முடியுமா?" அடுத்து, "பெரியவங்க யாரும் இருக்காங்களா? லிப்ட் பக்கத்து யூனிட் ஒன்னு ஒதுக்கி வைக்கிறேன்." பெரியம்மாவுக்கு முட்டி வலி என்று நான் சொல்லவே இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் தண்ணீர்மலை கோயிலுக்கு வேனை எடுத்துக்கொள்ளலாம், ஐந்நூறு படிக்கு மேல் இருக்கிறது, பெரியவர்களைக் கீழேயே உட்கார வைத்துவிடுங்கள் என்றும் அவனே சொன்னான். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி இருப்பதைக்கூடச் சொல்லி, "அது நான் பாத்துக்கிறேன்க்கா, கல்யாண வீடு" என்றான். வரியைப் பற்றிப் பேசுகிற திருடனை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

நான் தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் இருக்கிறேன். பாலம் தாண்டினால் நேரில் பார்த்திருக்கலாம். கேட்டேன். "இப்ப உள்ள கெஸ்ட் இருக்காங்கக்கா, வீடியோ காட்டுறேன்" என்றான். காட்டினான். சோபா, சமையலறை, பால்கனி, குழாயைத் திறந்து தண்ணீர் வேகம்கூடக் காட்டினான். அந்தக் குழாய் எந்த வீட்டுக் குழாயோ.

கணக்கு இப்படி. நாலு வீடு, மூன்று இரவு, ஒரு வீட்டுக்கு 420 வெள்ளி, 5,040. வேன் இரண்டு நாளுக்கு 1,800. மொத்தம் 6,840. தளத்தின் வழியாகக் கட்டினால் அவர்கள் கட்டணமும் சேர்ந்து 7,390 ஆகும், நேரடியாகப் போட்டால் 550 மிச்சம் என்றான். 550 வெள்ளி என்றால் நாதஸ்வரக்காரர்களுக்கு ஒரு பங்கு ஆயிற்றே என்று மனசு கணக்குப் போட்டது. முதலில் 2,000 அனுப்பினேன். டுயிட்நவ் என்ற வங்கிப் பணமாற்று வசதியில் அனுப்பும் முன் கணக்குக்காரர் பெயர் திரையில் வரும் இல்லையா, வந்தது. அவன் பெயர் இல்லை. கட்டைவிரல் அப்படியே நின்றது. கேட்டதற்கு, "எங்க கணக்கப்பிள்ளை அக்கவுண்ட்டுக்கா, டேக்ஸுக்காக" என்றான். அந்தக் கட்டைவிரலை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. பத்து நாள் கழித்து மீதி 4,840 அனுப்பினேன், அதே பெயருக்கு, இந்தத் தடவை நிற்காமல்.

வெள்ளிக்கிழமை ராத்திரி. ஃபெரி இறங்கி, கிராப் பிடித்து, பெட்டிகளோடு அந்தக் கட்டடத்துக்குப் போனபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. சாவிப் பெட்டியின் எண் அனுப்பியிருந்தான். வேலிக் கம்பியில் சின்னச் சின்ன சாவிப் பெட்டிகள் வௌவால் மாதிரி வரிசையாகத் தொங்கின, இருபது இருக்கும். எது என்று சொல்லவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக நாலு எண்ணையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிங்கப்பூர் மச்சான் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒன்றும் திறக்கவில்லை. விரல் நுனியெல்லாம் துரு. பெரியம்மா தன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார், மடியில் எங்களுக்காகச் சுட்டுக்கொண்டு வந்த அதிரச டப்பா.

கட்டடத்து ஜாகாக்காரர் (காவலாளி) கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார். கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். இந்தக் கட்டடத்தில் நாள் வாடகைக்கு விட நிர்வாகம் அனுமதிப்பதே இல்லை, இந்த மாதம் நீங்கள் மூன்றாவது கூட்டம் என்று மலாயில் சொன்னார். அந்தச் சாவிப் பெட்டிகள் வாடகைக்கு இருக்கும் மாணவர்களுடையதாம். தீவில் குடியிருப்புக் கட்டடங்களை இப்படி விடுவதற்கு மாநில அரசு 2023லேயே கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது என்பதை அடுத்த நாள்தான் படித்தேன். யார் இதையெல்லாம் முன்னாடியே படிக்கிறார்கள்?

அவனுக்கு ஃபோன் போட்டேன். முதல் தடவை எடுத்தான்! "கோட் மாறிடுச்சுக்கா, பத்து நிமிஷம்." பத்து நிமிஷம் கழித்து, "கிளீனர் சாவி எடுத்துட்டுப் போயிட்டா, வர்றா." அப்புறம் குரல் பதிவு, அவன் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறானாம், பின்னால் மருத்துவமனைச் சத்தம்கூட இல்லை, யாரோ பந்து விளையாட்டுக்குக் கத்துகிறார்கள். பதினொன்றரைக்கு "நீங்க இப்படி டார்ச்சர் பண்ணா பணம் திரும்ப வராது" என்று ஒரு வரி. என்னைத்தான் திட்டுகிறான்! அதற்குப் பிறகு நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக். முகப்புப் படமும் காணாமல் போனது.

தங்கைக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. ஒரு மணிக்கு மேல் பாலத்தைத் திரும்பக் கடந்து பட்டர்வொர்த்தில் ஒரு சின்ன ஹோட்டலில் ஆறு அறை கிடைத்தது, வழக்கமான விலைக்கு இரண்டு பங்கு. மீதிப் பேர் என் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். வேனுக்கு, எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பள்ளி வேன் ஓட்டும் அண்ணனை சனிக்கிழமை போய்க் கெஞ்சினேன். ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு வந்து நின்றார் மனிதர். சின்னப் பிள்ளைகள் உட்காரும் சீட்டில் காஞ்சிபுரம் கட்டிய அத்தைகள் முட்டியை மடக்கி உட்கார்ந்து வந்தார்கள். சீட்டுக்குப் பின்னால் யாரோ ஒட்டிய சூயிங்கம் ஈப்போ சித்தி முந்தானையில். பெட்ரோல் காசுக்கு மேல் ஒரு சென் வாங்கவில்லை அவர். அவர் பேசியது பத்து வார்த்தை இருக்கும். இனிக்க இனிக்கப் பேசியவன் 6,840 வெள்ளியோடு போய்விட்டான்.

திங்களன்று தளத்துக்கு எழுதினேன். முதலில் தானாகப் பதில் சொல்லும் இயந்திரம், "உங்கள் பயணம் இனிமையாக அமைந்ததா?" என்றது. அப்புறம் ஒரு மனிதர், பணம் எங்கள் தளத்துக்கு வெளியே போயிருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்றார். அந்த விளம்பரத்தை எடுங்கள் என்றேன். பரிசீலிக்கிறோம். வங்கியில், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் அல்லவா என்றார்கள். மோசடிப் புகாருக்கான 997க்கு அழைத்தேன். அனுப்பி எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் அவர்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று. அந்தப் பணம் அந்தக் கணக்கில் இனி எங்கே இருக்கும்? காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்ட சார்ஜன் நல்லவர். மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீசின் செமாக் மியூல் இணையப் பக்கத்தைத் தன் கைப்பேசியில் திறந்து, நான் கொடுத்த கணக்கு எண்ணைத் தட்டினார். திரையை என் பக்கம் திருப்பினார். அந்த எண் மேல் ஏற்கெனவே நாலு புகார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டைவிரல் நின்ற அன்றைக்கே நான் செய்திருக்கலாம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போ என்று அலுவலகத்தில் சொன்னார்கள். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். எந்தப் பெயரை எழுதுவது?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வலிக்கிறது. தளத்துக்கு வெளியே ஒரு சென்கூட அனுப்பாதீர்கள், எவ்வளவு மிச்சம் என்றாலும். பெயர் மாறினால் நிறுத்துங்கள். கணக்கு எண்ணையும் ஃபோன் எண்ணையும் செமாக் மியூலில் போடுங்கள். கட்டட ஜாகாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீடும் வேனும் சேர்த்துத் தருகிறேன் என்றால் சுற்றுலா அமைச்சின் உரிமம் கேளுங்கள். ஏமாந்தால் கல்யாணம் முடியட்டும் என்று என்னை மாதிரி காத்திருக்காமல் அந்த ராத்திரியே 997க்கு அடியுங்கள்.

இன்று காலையிலும் அந்த விளம்பரம் அப்படியே இருந்தது. இரவுக்கு 400 என்று போட்டிருக்கிறான்.

சற்று முன் திருச்சியிலிருந்து பெரியம்மா பேசினார். நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தோம் என்றார். அதிரசம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்த வீட்டுக்காரன் காசைத் திருப்பிக் கொடுத்தானாம்மா?"

கொடுத்துட்டான் பெரியம்மா என்று சொல்லி வைத்தேன்.