பயந்த நாய்க்குக் காப்பகமா, தற்காலிக வீடா?

தெருவில் மீட்ட நாயைத் தத்துக் கொடுக்கும்வரை எங்கே வைப்பது? சென்னையில் இதைக் கேட்காத நாய்ப் பிரியர் இல்லை.

செலவு: காப்பகமென்றால் முடிந்த நன்கொடையோடு போகும். வீடென்றால் சோறு, கோழி, ரேபிஸ் ஊசி, குடற்புழு மருந்து எல்லாம் நம் கையிலிருந்துதான்.

மருத்துவம்: காப்பகமே மேல். கிண்டி ப்ளூ கிராஸ் மாதிரி இடங்களில் சிகிச்சையும் அங்கேயே.

தைரியம்: இதில்தான் பெரிய வித்தியாசம். காப்பகத்தில் சுற்றிலும் ஓயாத குரைப்பு. பயந்தது இன்னும் ஒடுங்கும். எங்கள் மடிப்பாக்கம் வீட்டுக்கு வந்த செவலை, முதல் மூன்று நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் இருந்தாள். யாரும் இழுக்கவில்லை. முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, வேகவைத்த கோழித் துண்டைப் பின்னால் போடுவேன். நாலாம் நாள் என் செருப்பை முகர்ந்தாள். குக்கர் விசிலுக்குப் பழகத்தான் இரண்டு வாரம் பிடித்தது!

நிரந்தர வீடு கிடைப்பது: காப்பகத்துக்கு ஆட்கள் வருவார்கள், ஆனால் மூலையில் சுருண்டதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. வீட்டில் வளர்ந்ததைப் பற்றி, "இடிக்குப் பயப்படும், குழந்தைகளிடம் சாது" என்று தெளிவாகச் சொல்லலாம்.

காயமோ நோயோ இருந்தால், பகலில் வீட்டில் ஆளில்லையென்றால், காப்பகம். மற்ற நாய்களோடு ஒட்டிக்கொள்ளும் நாய்க்கும் அது ஒத்துவரும். மனிதரைக் கண்டாலே நடுங்கினால் வீடுதான். எதுவானாலும் தீபாவளி வாரத்தில் இடம் மாற்றாதீர்கள். வெடிச் சத்தத்தில் கதவு திறந்த நொடியே ஓடிவிடும்.