சமையலறை ஜன்னலில் ஒரு ரூட் போன்: நான்கு வருட அனுபவம்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு ஒன்பிளஸ் 6 நிற்கிறது. முதுகுக் கண்ணாடி விரிசல் விட்டு, ஓரமெல்லாம் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறது. ஆன் செய்தால் முதலில் ஒரு எச்சரிக்கை வரும்: பூட்லோடர் (போன் எழும்போது எந்த மென்பொருளை ஓட்டலாம் என்று காவல் காக்கும் பூட்டு) திறந்திருக்கிறது, இந்தப் போனை நம்ப முடியாது என்று. சில விநாடி முறைத்துவிட்டுத் தானே போய்விடும். 2021 நவம்பரிலிருந்து இந்த எச்சரிக்கையோடுதான் குடித்தனம்.

நான் இருப்பது கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் இறங்கிப் போகும் ஒரு ஊர். சுற்றிலும் தேயிலை. விடியற்காலையில் வாசலில் கரடி நிற்கிறதா என்று பார்க்காமல் கதவைத் திறக்க முடியாது. காட்டுமாடு வந்தால் மூச்சு விடும் சத்தமாவது கேட்கும். கரடி அப்படியில்லை, கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய் வாசனை பிடித்து நடந்து வந்து நம் வாசல் வழியாகவே போகும். அதனால் பழைய போன் ஒன்றை ஜன்னலில் வைத்து, கேமரா ஆப் போட்டு, வாசல் பல்பு வெளிச்சத்தில் படம் எடுக்க விட்டேன். இருபத்து நாலு மணி நேரமும் சார்ஜரில். எட்டே மாதத்தில் அந்தப் போனின் முதுகு ஆப்பம் மாதிரி உப்பிவிட்டது. பேட்டரி வீங்கியிருந்தது. நல்லவேளை அம்மா பார்த்தார். அடுப்பிலிருந்து மூன்றடி தூரம்.

லித்தியம் பேட்டரியை எப்போதும் நூறு சதவீதத்திலேயே கட்டிப்போட்டால் அது சீக்கிரம் கெடும். அறுபதில் நிறுத்திவிட்டால் பல மடங்கு நிம்மதி. ஆனால் அந்தக் காலத்துப் போன்கள் பெரும்பாலானவற்றில் அறுபதில் நிறுத்து என்று சொல்ல செட்டிங்ஸில் இடமே இல்லை. ரூட் இருந்தால் சொல்லலாம். என் கதை இவ்வளவுதான்.

"போனை ரூட் பண்ணப் போறேன்" என்று சொன்னபோது அப்பா, "எந்த ரூட்டுடா, கீழ்க்கோத்தகிரியா?" என்றார். மச்சான் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு சிரித்தான். விஷயம் எளிது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். லினக்ஸில் எதையும் செய்யும் அதிகாரம் உள்ள பயனருக்குப் பெயர் ரூட். போன் வாங்கியவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்காமல்தான் விற்கிறார்கள். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க முடியாது என்பதுபோல. அதை நாமே எடுத்துக்கொள்வதுதான் ரூட் செய்வது. எடுத்துக்கொண்டால் ஆணியும் அடிக்கலாம், சுவரையும் இடிக்கலாம்.

எந்தப் போன் என்பதில்தான் பாதி வெற்றி தோல்வி, ஏனென்றால் ரூட் செய்ய முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும். சாம்சங்கில் பூட்லோடரைத் திறந்து வேறு மென்பொருள் ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அடையாளம் உள்ளே எரிந்துபோகும். ஃபியூஸ் மாதிரி, ஒருமுறை போனால் போனதுதான், ரகசிய ஃபைல்களைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டரும் கூடவே போகும். சியோமியில் கணக்கைப் போனோடு இணைத்துவிட்டு, பெரும்பாலும் 168 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு அவர்களின் புதிய மென்பொருளான ஹைப்பர் ஓ.எஸ். வந்து கெடுபிடி இன்னும் கூடியது. சில கம்பெனிகள் திறக்கவே விடுவதில்லை. அதனால் முதலில் உங்கள் மாடலைத் திறக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஒரே பட்டனில் ரூட் என்று வரும் ஆப்களை நான் தொடுவதில்லை. அவை வேலை செய்தால்தான் எனக்கு அதிகப் பயம், ஏனென்றால் முதல் ரூட் அதிகாரம் முகம் தெரியாத அந்த ஆப்புக்குத்தான் போகிறது.

2018 மே மாதம் வெளியான இந்த ஒன்பிளஸ் 6 பழைய சாமானாகக் கைக்கு வந்தது. திறக்கக் காத்திருப்பு இல்லை, திறப்புக் குறியீடு கேட்டுக் கம்பெனிக்கு எழுத வேண்டியதில்லை. கம்பெனி அப்டேட் ஆண்ட்ராய்டு 11 உடன் நின்றுவிட்டது, ஆக இழக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை.

செய்த நாள் ஐப்பசி மழை. கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை இந்த வடகிழக்குப் பருவத்தில்தான். மரம் விழும், கம்பி அறும், கரண்ட் ஒரு நாளோ இரண்டு நாளோ போகும். டெஸ்க்டாப்பில் இந்த வேலையை ஆரம்பிக்காமல், முழுச் சார்ஜில் இருந்த லேப்டாப்பில் செய்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். போனிலும் எழுபது சதவீதம் இருந்தது. நடுவில் கரண்ட் போகத்தான் செய்தது.

பூட்லோடரைத் திறக்கும்போது போனில் இருக்கும் எல்லாம் அழியும். போனைத் திருடியவன் பூட்லோடரைத் திறந்து படங்களைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள், அது கோளாறு இல்லை. எனவே படம், தொடர்பு எண், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் முன்னாடியே வேறிடத்தில் எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ஓ.இ.எம். அன்லாக்கிங், யூ.எஸ்.பி. டீபக்கிங் இரண்டையும் ஆன் செய்து, போனை அணைத்து, வால்யூம் அப்பையும் பவரையும் சேர்த்து அழுத்தினால் ஃபாஸ்ட்பூட் திரை. லேப்டாப்பிலிருந்து கட்டளை கொடுத்துப் பூட்லோடரைத் திறப்பது இதில்தான். அங்கே எனக்கு முக்கால் மணி நேரம் போனது. லேப்டாப் போனைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவரை மூன்று முறை மாற்றிப் போட்டேன். கடைசியில் குற்றவாளி கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மட்டமான கேபிள் அது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் போர்ட்டை, டிரைவரை எல்லாம் கடைசியில்.

திறந்தபின் செய்வதுதான் உண்மையான ரூட். இன்று பெரும்பாலானோர் பயன்படுத்துவது மேஜிஸ்க். 2016-இல் ஜான் வூ என்பவர் வெளியிட்டது. சிஸ்டம் பகுதியில் கை வைக்காமல், போன் எழுந்திருக்கும்போது முதலில் ஓடும் பூட் இமேஜை மட்டும் மாற்றுகிறது. அந்தப் பூட் இமேஜ் உங்கள் போனில் இப்போது ஓடும் அதே பில்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். அதே மாடல், அதே பதிப்பு எண். ஏறக்குறைய சரியான இமேஜ் என்று ஒன்று கிடையாது. முழு ரோம் ஃபைலை (போனின் மொத்த மென்பொருள்) இறக்கி அதிலிருந்து பூட் இமேஜைப் பிரித்தெடுத்து, போனில் மேஜிஸ்க் ஆப்பில் பேட்ச் செய்து (ரூட் சேர்த்து மாற்றி), திரும்பக் கம்ப்யூட்டருக்கு எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 உடனேயே வெளிவந்த புதிய போன்களில் பூட் இமேஜுக்குப் பதில் இனிட் பூட் என்ற இன்னொரு இமேஜைப் பேட்ச் செய்ய வேண்டும். பழைய வீடியோவைப் பார்த்துச் செய்கிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி உண்டு. பேட்ச் செய்த இமேஜை உடனே ஃபிளாஷ் செய்யாமல் (போனில் நிரந்தரமாக எழுதாமல்), ஃபாஸ்ட்பூட்டில் ஃபிளாஷ் என்பதற்குப் பதில் பூட் கட்டளை கொடுத்தால், போன் அந்த இமேஜை ஒருமுறை மட்டும் ஓட்டிப் பார்க்கும். நிரந்தரமாக எதுவும் எழுதப்படாது. ஒழுங்காக எழுந்து வந்தால் மேஜிஸ்க் ஆப்புக்குள் போய் நேரடியாக நிறுவிக்கொள்ளலாம். எழவில்லையா, பவர் பட்டனைப் பிடித்து ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைமை. பயிரை வயலில் நடும் முன் நாற்றங்காலில் பார்ப்பது மாதிரி. எல்லாப் போனிலும் இது நடக்காது, நடக்கும் போனில் இதைத் தவிர வேறு வழியில் செய்யாதீர்கள்.

ரூட் கிடைத்ததும் முதல் வேலையாக பெர்சிஸ்ட், மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2 ஆகிய பகுதிகளை நகலெடுத்துப் பென்டிரைவில் போட்டேன். ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண், சென்சார் அளவீடு போன்ற அந்தப் போனுக்கே உரிய விஷயங்கள் அவற்றில் இருக்கின்றன. அழிந்தால் எந்த ரோமிலிருந்தும் திரும்ப எடுக்க முடியாது. (நகல் நம் போனுக்கே திரும்பப் போட மட்டும்தான். ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவது இந்தியாவில் குற்றம்.)

அப்புறம் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஏ.சி.சி. என்ற மாட்யூலை (மேஜிஸ்கோடு சேரும் கூடுதல் நிரல்) ஏற்றி, அறுபதில் நிறுத்து, ஐம்பத்தைந்தில் தொடங்கு என்று வைத்தேன். நான்கு வருடம் ஆகிவிட்டது, முதுகு உப்பவில்லை. இன்னொரு லாபம் எதிர்பாராதது. கரண்ட் போனால் வீட்டு வைஃபை செத்துவிடும், ஆனால் போனுக்குச் சொந்தமாகப் பேட்டரியும் சிம்மும் இருப்பதால் படம் அனுப்பிக்கொண்டே இருக்கும். மார்கழி, தை மாதக் குளிரில் ஜன்னலோரத்தில் சதவீதம் திடீரென்று சறுக்கும். அது ரூட் தீர்க்கிற பிரச்சினை இல்லை. பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி உறை போட்டேன், கொஞ்சம் பரவாயில்லை.

மற்ற பயன்களில் பாதியை இப்போது நான் பரிந்துரைக்க மாட்டேன். விளம்பரத் தடுப்புக்காக ரூட் வேண்டாம். ஆண்ட்ராய்டு 9-லிருந்து வந்த பிரைவேட் டி.என்.எஸ். வசதியில் விளம்பரம் தடுக்கும் சர்வரைக் கொடுத்தாலே அதில் பெரும்பகுதியைச் செய்துவிடும். எழுத்துரு, தீம் என்று ஆரம்பத்தில் பத்துப் பன்னிரண்டு மாட்யூல் ஏற்றினேன், எல்லாம் பொழுதுபோக்கு. ஒன்று போனைப் பூட் லூப்பில் (எழாமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவது) தள்ளியது. எழுந்திருக்கும்போது வால்யூம் டவுனைப் பிடித்து சேஃப் மோடில் கொண்டுவந்தால் மேஜிஸ்க் மாட்யூல்களை எல்லாம் முடக்கிவிடும் என்பதை அன்றுதான் கற்றேன். இப்போது இருப்பது இரண்டே மாட்யூல். உண்மையில் பல புதிய போன்களில் சார்ஜை எண்பதில் நிறுத்தும் வசதி செட்டிங்ஸிலேயே வந்துவிட்டது. அது உங்களிடம் இருந்தால் என் காரணமும் உங்களுக்குப் பொருந்தாது.

விலை என்ன என்று கேட்டால், யூ.பி.ஐ.தான். ரூட் போனில் வங்கி ஆப்கள் ஓட மறுக்கும். ஆரம்பத்தில் மேஜிஸ்க் ஹைடு என்ற வசதியைப் போட்டு வங்கி ஆப்பை ஏமாற்றி ஓட்டினேன். ஜான் வூ 2021-இல் கூகுளில் சேர்ந்தார், 2022-இல் வந்த 24-ஆம் பதிப்பில் அந்த வசதி எடுக்கப்பட்டது. பிறகு, போன் நம்பத்தக்கதா என்று கூகுள் பார்க்கும் சோதனையில் சேஃப்டிநெட் போய் பிளே இன்டெக்ரிட்டி வந்தது. ஒவ்வொரு முறையும் புது ஒட்டு, புது மாட்யூல். ஒருநாள் தேயிலைக் கொழுந்து விற்ற பணம் வந்திருக்கிறதா என்று பார்க்க அப்பா கேட்டார். ஆப் திறக்கவில்லை, நான் வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் மாட்யூல் தேடிக்கொண்டிருந்தேன். "இதுக்கு பாஸ்புக்கே தேவலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வங்கிக்குக் கிளம்பினார். அன்றே முடிவு செய்தேன். பணம் சம்பந்தப்பட்ட எல்லாம் ரூட் இல்லாத இன்னொரு சாதாரண போனில். ரூட் போனில் வங்கி இல்லை, வேலை மெயில் இல்லை. பூட்லோடர் திறந்த போன் யார் கையிலாவது சிக்கினால் உள்ளே மாற்று மென்பொருள் வைக்க முடியும். அதனால் இந்தப் பிரிப்பு வசதிக்காக மட்டுமில்லை. ஒரே ஒரு போன் வைத்திருப்பவர் அதையே ரூட் செய்வதை நான் தடுப்பேன்.

ரூட் கேட்கும் ஆப்களுக்கு மேஜிஸ்கில் தானாக மறு என்று வைத்திருக்கிறேன். இதுவரை அனுமதி பெற்றவை மூன்று. ஒருமுறை பழைய கால்குலேட்டர் ஆப் ஒன்று ரூட் கேட்டது. கூட்டல் கழித்தலுக்கு எதற்கடா ரூட்? அன்றே நீக்கினேன்.

என் பெரிய சறுக்கல் 2023-இல். கம்பெனி மென்பொருளை விட்டு, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஆண்ட்ராய்டான லினியேஜ் ஓ.எஸ்.-க்கு மாறி ஒரு வருடம் ஓட்டிய பிறகு, அடுத்த பெரிய பதிப்புக்கு ஏற்றினேன். ரூட் போய்விட்டது. சோம்பலில், லேப்டாப்பில் கிடந்த பழைய பேட்ச் இமேஜையே ஃபிளாஷ் செய்தேன். லோகோவில் சுற்றிக்கொண்டே நின்றது. சரியான பூட் இமேஜைப் போட்டால் ஐந்து நிமிட வேலை, ஆனால் அது என்னிடம் இல்லை. மிஸ்ட் இறங்கி, கரண்ட் போய், டவரும் போய்விட்டது. மூன்றாம் நாள் பஸ் ஏறிக் கோத்தகிரி டவுனில் சிக்னல் பிடித்து, நூறு எம்.பி.கூட இல்லாத ஒரு ஃபைலை இறக்கி, மாலையில் வீட்டுக்கு வந்து உயிர் கொடுத்தேன். அந்த இரண்டு இரவும் கேமரா இல்லை. இரண்டாவது இரவுதான் பக்கத்து வீட்டுச் செடித் தொட்டிகளைக் கரடி உருட்டிப் போட்டது, சித்தி இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

அதிலிருந்து அப்டேட் செய்யும் முன், புதிய பில்டின் பூட் இமேஜ், இப்போது ஓடும் பில்டின் பூட் இமேஜ் இரண்டும் பென்டிரைவில், தேதி எழுதிய ஃபோல்டரில் இருக்கும். இறக்கிய ஃபைலின் செக்சம் (ஃபைல் முழுசாக வந்ததா என்று காட்டும் எண்) ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கிறேன். எங்கள் சிக்னலில் பாதியில் அறுந்த டவுன்லோடு சாதாரணம்.

இன்னொன்று. விற்கும்போது அந்த எச்சரிக்கைத் திரை வேண்டாம் என்று பூட்லோடரை அவசரமாகத் திரும்பப் பூட்டாதீர்கள். மாற்றிய இமேஜ் உள்ளே இருக்கும்போது பூட்டினால் போன் எழவே மறுத்துச் செங்கல் ஆகலாம். கம்பெனி மென்பொருளை முழுசாக ஏற்றி, ஒழுங்காக எழுகிறதா என்று பார்த்தபின்தான் பூட்ட வேண்டும். அப்போதும் எல்லாம் ஒருமுறை அழியும்.

இதை எழுதும்போது ஜன்னல் போன் ஐம்பத்தெட்டு காட்டுகிறது. மூன்று நாளாக ஒரு அப்டேட் காத்திருக்கிறது, இரண்டு இமேஜும் பென்டிரைவில் தயார். வெளியே மழை வலுக்கிறது, லேப்டாப்பில் நாற்பது சதவீதம்தான். கரண்ட் வரட்டும்.