செய்மதி இணையமும் அறுபது யூனிட்டும்

திருக்கோவில் ஊரில் இருக்கும் மச்சாள் போன கிழமை கோல் எடுத்து, "உங்கட வீட்டு டிஷ் எப்படிகா? நாங்களும் ஒண்டு வாங்குவமா?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வியைக் கோயிலடியிலும் சந்தியிலும் ஆட்கள் கேட்கிறார்கள், ஆகவே முழுதாக எழுதிவிடுகிறேன்.

வேகம் எவ்வளவு, பெட்டிக்குள் என்ன வரும், எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் சேவை, எங்கள் டிஷ்ஷும் அதுதான், 2025 ஜூலை 2ஆம் திகதி இலங்கையில் தொடங்கியதிலிருந்து அந்தப் பேச்சுக்குக் குறைவே இல்லை. யாரும் பேசாத ஒன்று கரண்ட் பில். நான் பேச வந்தது அதைத்தான்.

முதலில் எங்கள் நிலைமையைச் சொல்கிறேன். மட்டக்களப்பிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு வழியாக ஆயித்தியமலைக்குப் போய், அதற்கும் உள்ளே போனால் எங்கள் வீடு. இவருக்கு வயல். நான் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கணக்குப் பதிந்து கொடுக்கிறேன். மகள் உயர்தரம், வர்த்தகப் பிரிவு, இரவில் ஒன்லைன் வகுப்பு. முன்பு சிம் போடுகிற சின்ன ரூட்டர் ஒன்று வைத்திருந்தோம். வீட்டுக்குள் அதற்குச் சிக்னல் பிடிக்காது. பொலித்தீன் பைக்குள் போட்டு, பை வாயை ரப்பர் பட்டியால் இறுக்கி, மாமரத்து வடக்குக் கொப்பில் கட்டித் தொங்கவிட்டால்தான் இரண்டு கோடு வரும். மழை பெய்தால் அவிழ்த்துக்கொண்டு ஓட வேண்டும். மகள் சாதாரண தரத்துக்குப் படித்தது அந்த மாமரத்தடியில்தான்.

டிஷ் வந்தபின் அந்தப் பாடு ஒரே நாளில் தீர்ந்தது. இதை நன்றியோடுதான் சொல்கிறேன். டிவிக்குப் பூட்டும் டிஷ் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கிற செய்மதியைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கான செய்மதிகள் 550 கிலோமீற்றர் அளவில் தாழப் பறப்பவை, அதனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இழுவை கிடையாது. மகள் வகுப்பில் வாய் திறந்தால் சேர் உடனே பதில் சொல்கிறார். மாதக் கடைசியில் நான் அனுப்பும் பெரிய கோப்புகள் தேத்தண்ணி ஊற்றி வருவதற்குள் போய்விடுகின்றன. மழையைப் பற்றியும் கேட்கிறார்கள். மாரியில் வானம் உடைந்து கொட்டும்போது சில நிமிடம் அறும், மழை இளகினால் தானாக வந்துவிடும். சாதாரண மழைக்கு ஒன்றும் ஆகாது. தென்னோலை மறைக்காத இடமாகப் பார்த்துக் குழாய் நட்டு, போன் ஆப் காட்டும் திசைக்கு டிஷ்ஷைத் திருப்பி வைத்தால் போதும், மற்றதை டிஷ்ஷே பார்த்துக்கொள்ளும். இடி மின்னல் காலத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இனிப் பில்லுக்கு வருகிறேன்.

வழக்கமான அளவு டிஷ்ஷுக்குக் கம்பனியே எழுதியிருக்கும் கணக்கு, சராசரி 75 முதல் 100 வாட். கேட்க ஒரு பழைய குண்டு பல்ப் அளவுதான். ஆனால் பல்பை இரவில் நாலு மணித்தியாலம் போட்டு அணைக்கிறோம், டிஷ் இரவு பகலாக எரிகிறது. 75 வாட் என்று குறைத்தே வைத்தாலும், ஒரு நாளைக்கு 24 மணித்தியாலம், மாதத்துக்கு 30 நாள் என்று பெருக்கினால் 54,000 வாட் மணி, அதாவது 54 யூனிட்.

அந்த 54 யூனிட் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். வீட்டுப் பாவனைக்கு நம் நாட்டில் படிமுறைக் கட்டணம். மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கணக்கு. 61 ஆனால் முதலாவது யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு, நிலையான கட்டணமும் கூடும். 90 தாண்டினால் அடுத்த படி, 120 தாண்டினால் அதற்கடுத்தது. எங்கள் வீட்டில் ஐந்து பல்ப், இரண்டு காற்றாடி, ஒரு சின்ன ஃபிரிஜ், ஒரு மடிக்கணினி. எப்போதும் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் நிற்கும். ஃபிரிஜ்ஜை அடிக்கடி திறக்காதே, காற்றாடியை நிறுத்திவிட்டு எழும்பு என்று மகளை ஏசி ஏசி அந்த அறுபதுக்குள் பிடித்து வைத்திருந்தோம். டிஷ் வந்து முதல் முழு மாதப் பில்லில் யூனிட் நூறைத் தாண்டியிருந்தது. மீற்றர் வாசிக்க வந்த தம்பியே, "அக்கா, வீட்டுல என்ன புதுசா பூட்டின நீங்க?" என்று கேட்டார்.

யூனிட் இரண்டு மடங்கானால் காசும் இரண்டு மடங்குதான் ஆகும் என்று நினைக்கக் கூடாது, படி தாண்டுவதால் அதைவிடக் கூடும். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கொழும்பில் ஏசி போட்டு 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு இந்த 54 ஒரு பொருட்டில்லை. டவர் எட்டாத, ஃபைபர் இழுக்காத ஊரில்தான் இந்த டிஷ் தேவை. அந்த ஊரில்தான் அறுபதுக்குள் கட்டிப்பிடித்து வாழும் வீடுகள் அதிகம். யாருக்கு இது மிகவும் வேண்டுமோ அந்த வீட்டைத்தான் இது படி தாண்ட வைக்கிறது. பில்லில் பிழை இல்லை, டிஷ்ஷிலும் பிழை இல்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் நடப்பது இது. விற்கும் இடத்தில் ஒருவராவது இதைச் சொல்ல வேண்டாமா?

ஆப்பில் நேர அட்டவணை போட்டு டிஷ்ஷைத் தூங்க வைக்க வழி இருக்கிறது. இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை தூங்க வைத்திருக்கிறோம். அதில் பத்துப் பன்னிரண்டு யூனிட் மிச்சம் பிடிக்கலாம். ஆனாலும் அறுபதுக்குள் திரும்ப அது போதவில்லை. பகலில் அணைத்தால் என் வேலை நிற்கும்.

கரண்டால் வரும் இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் வீடு லைன் கடைசியில். காற்றுக்குக் கொப்பு உரசினால் கரண்ட் ஒரு நொடி போய் வரும். பல்ப் ஒரு தரம் மங்கும், காற்றாடி நிற்கக்கூட நேரமிருக்காது. டிஷ் மட்டும் அணைந்துவிடும். அணைந்தால் ரூட்டர் அடியிலிருந்து தொடங்க வேண்டும், டிஷ் வானத்தைத் தேடிச் செய்மதியைப் பிடிக்க வேண்டும். சில நிமிடம் போய்விடும். மகளின் கணக்கீட்டு வகுப்பில் சேர் ஐந்தொகையைச் சமப்படுத்திக்கொண்டிருப்பார், இவள் திரும்ப உள்ளே போகும்போது அடுத்த கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வகுப்பில் இது இரண்டு மூன்று தரம் நடந்தால் பிள்ளை கொப்பியை மூடிவிட்டு எழும்பிவிடுகிறாள். இதற்குக் கணினிக்கு வைக்கும் யூபிஎஸ் ஒன்று போதும். டிஷ்ஷையும் ரூட்டரையும் அதில் செருகினால் ஒரு நொடி வெட்டெல்லாம் தெரியாது. டிஷ் வாங்குகிறவர்கள் யூபிஎஸ் விலையையும் அன்றைக்கே சேர்த்துப் பாருங்கள்.

நீண்ட நேரம் கரண்ட் இல்லையென்றால் பற்றரிதான். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈய அமிலப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், மேலே எடுத்தால் பற்றரி சீக்கிரம் சாகும். பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டரில் கொஞ்சம் வீணாகும். அதெல்லாம் போக டிஷ் ஆறு ஏழு மணித்தியாலம் ஓடும். நாங்கள் இதைக் கண்டது டித்வா புயலின்போது.

2025 நவம்பர் கடைசியில் அது வந்தபோது எங்கள் பக்கம் கரண்ட் போனது. டவரும் படுத்தது, போனில் ஒரு கோடும் இல்லை. இவர் உழவு மெசினிலிருந்து பற்றரியைக் கழற்றிக்கொண்டு வந்து, இன்வேர்ட்டரைப் பூட்டி, டிஷ்ஷுக்குக் கொடுத்தார். மழை ஓய்ந்து ஓய்ந்து பெய்தது. ஓய்ந்த நேரமெல்லாம் இணையம் வந்தது. செய்மதிகள் மேலே ஒன்றோடொன்று லேசரால் தொடர்புகொண்டு தகவலைக் கடத்தக்கூடியவை, பக்கத்து ஊர்க் கம்பமும் கேபிளும் விழுந்தது அவற்றைத் தடுக்கவில்லை. கரண்ட் மட்டும் கிடைத்தால் போதும்.

எப்படித்தான் அறிந்தார்களோ, பின்னேரத்துக்குள் விறாந்தை நிறைய ஆட்கள். கட்டாரிலும் சவூதியிலும் பிள்ளைகள், எல்லோரும் செய்தி பார்த்துப் பதறிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பற்றரியை மிச்சம் பிடிக்க ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று மகள் வரிசை போட்டாள். பக்கத்து வளவு அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நாங்க சுகமா இருக்கம் மனே. வீட்டுக்குள்ள தண்ணி வரல்ல. மாடுதான் ரெண்டைக் காணல்ல" என்றார். அந்தப் பக்கம் மகன் அழுவது எங்களுக்கும் கேட்டது. பற்றரி இறங்கியதும் இவர் மெசினை ஓடவிட்டு ஏற்றினார், டீசல் யாரோ ஒரு போத்தலில் கொண்டுவந்து தந்தார்கள். அந்த நாட்களில் இந்த டிஷ் ஊருக்குச் செய்ததை எந்தப் பில்லிலும் எழுத முடியாது. இரட்டிப்பு விலை தருகிறேன் என்று யாராவது வந்து கேட்டாலும் நான் கழற்றிக் கொடுக்க மாட்டேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மச்சாளுக்கு நான் சொன்ன பதில்: வேண்டாம், வாங்காதீங்க.

திருக்கோவிலில் அவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்தே போனில் படம் பார்க்கலாம். அங்கே இது காசைக் கரைக்கும் வேலை. எங்கள் மாதிரி உட்பகுதி ஊர்களுக்கென்றாலும் இன்றைய நிலையில் 'வாங்கு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடங்கும்போது வீட்டுப் பாவனைக்கு லைட் பொதி மாதம் 12,000 ரூபாய், முழுப் பொதி 15,000 ரூபாய். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு அரசாங்கம் வைத்த விலை கிலோ 120 ரூபாய். அப்படியென்றால் லைட் பொதிக்கே மாதம் 100 கிலோ நெல். அதோடு படி தாண்டிய கரண்ட் பில், யூபிஎஸ், பற்றரி. டிஷ்ஷின் விலை அப்போது ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது தனிக் கணக்கு. வீட்டில் ஒருவருக்கு இணையத்தால் சம்பளம் வருகிறதென்றால் தாங்கும். எங்களுக்கு என் வேலை இருப்பதால் தாங்குகிறது. வயலை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில், பிள்ளையின் படிப்புக்கு என்று ஆசையாக வாங்கி, மூன்றாம் மாதம் கட்ட முடியாமல் நிறுத்தினால் அந்தப் பிள்ளையின் மனம் என்ன ஆகும்?

மினி என்று சின்னது ஒன்று இருக்கிறது. அது 25 முதல் 40 வாட்தான் இழுக்கும், 12 வோல்ட்டிலும் நேரடியாக ஓடும், இன்வேர்ட்டர் வீணும் இல்லை. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் அறுபது யூனிட் வீட்டுக்குப் பொருத்தமானது அதுதான் என்பது என் எண்ணம். வாங்கியே தீர வேண்டும் என்றால் முதலில் அதை விசாரியுங்கள்.

எங்களிடம் இருப்பது பெரியது. சிறுபோக நெல் விற்றதும் டிஷ்ஷுக்கென்றே இரண்டு சோலார் பலகை வாங்குவதாக இவர் சொல்கிறார். தெற்குப் பக்கக் கூரையில் இடம் பார்த்து, சட்டத்துக்கு இரும்புக்காரரிடம் விலையும் கேட்டாயிற்று. மச்சாளிடம் சொல்லியிருக்கிறேன்: பலகை பூட்டியபின் எங்கள் பில் அறுபதுக்குள் திரும்பினால், நானே கோல் எடுத்து 'வாங்குங்க' என்று சொல்வேன்.