மொத மவுண்டன் பைக்: டபுள் ஷாக்கா, ஹார்ட்டெயிலா, செகண்ட்ஸா?

மொதல்ல முடிவச் சொல்லிடறேனுங்க, காரணத்துக்குப் பொறவு வரேன். கையில 40,000லருந்து 50,000 வரைக்கும் இருந்தா முன்னாடி மட்டும் ஷாக் இருக்கற ஹார்ட்டெயில், ஆயில் அழுத்தத்துல புடிக்கற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கோட, புதுசா எடுங்க. 25,000தான் இருக்குது, கூட வந்து பாக்க விஷயம் தெரிஞ்ச ஆளும் இருக்குதுன்னா அதே ரக வண்டிய செகண்ட்ஸ்ல புடிங்க. அப்படி ஆள் யாரும் இல்லைனா புதுசுலயே, கம்பி இழுத்து புடிக்கற கேபிள் டிஸ்க் பிரேக் ஹார்ட்டெயில். கடை வாசல்ல 15,000க்கு முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் வெச்சு பளபளன்னு நிக்குது பாருங்க, அந்த டபுள் ஷாக் மட்டும் வேண்டாம்.

இத நான் எதை வெச்சு சொல்றேன்னா நம்ம பக்கத்து தடத்த வெச்சுத்தான். நாம ஓட்டப் போறது என்ன? ரெண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரி, பொள்ளாச்சி உடுமலை பக்கம் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் மேடு, ஈரோடு கோபி பக்கம் கீழ்பவானி வாய்க்கால் கரை, காங்கயம் தாராபுரம் பக்கம் சரளையும் முள்ளும் கெடக்கற கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) ஓரம், ஞாயித்துக்கெழமை ஆனா மருதமலை, இன்னும் கொஞ்சம் காலுக்கு தெம்பு வந்தா கோத்தகிரி இல்ல வால்பாறை. வீடியோல காட்டற மாதிரி ஆள் உயரப் பாறைல இருந்து குதிக்கறது இதுல எங்கயும் இல்ல. மலையடிவாரத்துல காட்டுக்குள்ள பிரியற தடம் கண்ணுல படும், ஆசையா இருக்கும், ஆனா ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம போறது குத்தமுங்க, அதுக்கும் மேல ஆனைப் பயம், சைக்கிள் சத்தமே இல்லாம போறதால வளைவு திரும்பினதும் அது பக்கத்துலயே போயி நின்னுருவீங்க. அதனால அந்தப் பக்கம் போறதுக்குன்னு வண்டி வாங்காதீங்க.

இப்ப டபுள் ஷாக்குக்கு வரேன், ஏன்னா புதுசா வாங்க வர்ற பசங்க கண்ணு மொதல்ல அதுலதான் போயி நிக்கும். ஸ்பிரிங் அமுங்கறது ஒரு பாதி வேலைதானுங்க, அமுங்கினது எந்த வேகத்துல திரும்ப எழும்போணும்னு புடிச்சு வெக்கறது இன்னொரு பாதி, அதுக்கு உள்ளார ஆயில் ஓடற டேம்பர் வேணும். இந்த வெலையில அது இருக்காது, வெறும் சுருள் கம்பிதான். கடையிலயே சீட்ட ரெண்டு கையாலயும் நல்லா அமுக்கி டக்குனு விட்டுப் பாருங்க, கைய தூக்கி அடிக்கற மாதிரி எகிறி வந்துதுன்னா சரளைக் கல்லு மேல போறப்ப பின் சக்கரமும் அப்படித்தான் எகிறும், தரையில ஒட்டாது. மேடு ஏறறப்ப இன்னும் மோசம், மிதிக்கற மிதியில பாதி ஸ்பிரிங்க அமுக்கறதுக்கே போயிரும், வண்டியும் இரும்பு ஃப்ரேம், 17, 18 கிலோ இருக்கும். அந்த பின்பக்க மூட்டுல இருக்கற புஷ் தேய்ஞ்சு ஆட ஆரம்பிச்சா மாத்தறதுக்கு சாமானும் லேசுல கெடைக்காது. நெசமான ஃபுல் சஸ்பென்ஷன்னு ஒண்ணு இருக்குது, அருமையான வண்டிக, ஆனா அதெல்லாம் லட்சத்தத் தாண்டித்தான் ஆரம்பிக்கும், மொத வண்டிக்கு அது பேச்சே வேண்டாம்.

சரி, அப்ப 20,000, 25,000 ரூபா ஹார்ட்டெயிலுக்கும் 45,000 ரூபா ஹார்ட்டெயிலுக்கும் என்ன வித்தியாசம், ரெண்டும் பாக்கறதுக்கு ஒரே மாதிரித்தான இருக்குதுன்னு கேப்பீங்க. நாலு எடத்துல இருக்குது, பிரேக், பின் ஹப்பு (பின் சக்கரத்து நடு உருளை), கியர், முன் சக்கரத்த புடிச்சிருக்கற ஃபோர்க். பிரேக்குதான் எனக்கு எல்லாத்துக்கும் மேல, அதனால அத கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

இந்த விளையாட்டே பிரேக் தொந்தரவோட பொறந்ததுதானுங்க. 1976ல கலிபோர்னியாவுல மாரின் கவுண்டில பழைய கனமான சைக்கிள்கள மலை மேல கொண்டு போயி எறக்கி போட்டி வெச்சாங்க, பெடல பின்னாடி மிதிச்சா புடிக்கற பிரேக்கு, ஒரு தடவ கீழ வந்து சேர்றதுக்குள்ள ஹப்புக்குள்ள இருக்கற கிரீஸ் கருகிப் போயிரும், திரும்ப பிரிச்சு அடைச்சாத்தான் அடுத்த ரவுண்டு. நம்ம கோத்தகிரி ரோட்ட நெனச்சுப் பாருங்க, ஏறக்கொறைய 1,800 மீட்டர் உயரத்துல இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் 30 கிலோமீட்டருக்கு மேல பெரும்பாலும் எறக்கம்தான். கேபிள் டிஸ்க்குல பொதுவா ஒரு பக்கத்து பேட் மட்டும்தான் நகந்து வந்து டிஸ்க்க அந்தப் பக்கத்து பேட் மேல தள்ளும், பேட் தேய தேய நீங்கதான் திருகி திருகி சரி பண்ணோணும், செம்மண் தூசி கேபிள் உறைக்குள்ள போச்சுன்னா லீவர் கல்லு மாதிரி ஆயிரும், பாதி எறக்கத்துலயே முன்னங்கை கடுக்க ஆரம்பிச்சிரும். ஹைட்ராலிக்குல ஆயில் தள்ளுது, ரெண்டு பேடும் சேந்து புடிக்கும், தேஞ்சா அதுவா ஈடு கட்டிக்கும், ஒரே ஒரு விரல் போதும், மிச்ச விரல் எல்லாம் ஹேண்டில புடிச்சிருக்கும். புதுசா ஓட்டறவங்களுக்கு எறக்கத்துல பயம் போறதே அப்பத்தான். ஷிமானோ எம்டி200 மாதிரி ஆரம்ப ரக ஹைட்ராலிக்கே நம்ம தேவைக்கு தாராளம்.

அதுக்காக கேபிள் டிஸ்க்குக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொல்லலைங்க. மூலனூர்லயோ வெள்ளகோவில்லயோ கேபிள் அறுந்தா தெருவோர சைக்கிள் கடை அண்ணனே மாத்திக் குடுத்துருவாரு. ஹைட்ராலிக்குல காத்து பூந்துதுன்னா ப்ளீட் பண்ணோணும், அதாவது ஆயில்ல இருக்கற காத்த வெளியேத்தோணும், அதுக்கு கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு பெரிய கடைக்குத்தான் வண்டிய கொண்டு போகோணும். ஷிமானோவும் டெக்ட்ரோவும் மினரல் ஆயில், அதுல மோட்டர் பைக்குக்கு ஊத்தற டாட் பிரேக் ஆயில ஊத்தினா உள்ள இருக்கற ரப்பர் சீல் வீணாப் போயிரும், தெரியாத கையில விட்டுராதீங்க. இந்த தொல்லை அடிக்கடி வர்றது இல்ல, அதனால நான் ஹைட்ராலிக் பக்கம்தான்.

பின் ஹப்பு விஷயத்த கடையில யாரும் எடுத்துச் சொல்றது இல்ல. வெல கொறஞ்ச 7 ஸ்பீடு வண்டியில பெரும்பாலும் ஃப்ரீவீல், அதாவது பல்லு சக்கரம் மொத்தமும் ஹப்புல மரை போட்டு திருகினது. அதுல வலது பக்கத்து பேரிங் உள்ள தள்ளி இருக்கும், ஆக்ஸில் ரெண்டு இன்ச்சுக்கு கிட்ட தாங்கலே இல்லாம வெளிய நீட்டிட்டு நிக்கும், கொஞ்சம் எடையான ஆளு குழியில எறக்கி எறக்கி ஓட்டினா அந்த ஆக்ஸில் வளையும், அப்பறம் ஒடையும். 8, 9 ஸ்பீடு கேசட் வண்டியில, அதாவது பல்லு சக்கரத்த ஹப்பு மேல சொருகின வண்டியில, பேரிங் ஓரத்துலயே இருக்கும், அந்த வேலையே இல்ல, பின்னாடி கியர் ஏத்தறதுக்கும் வழி இருக்கும். கடையில நேராவே கேளுங்க, “அண்ணா இது ஃப்ரீவீலா கேசட்டா?” பதில் தடுமாறுச்சுன்னா வேற கடை பாருங்க.

கியர் எத்தனைன்னு எண்றத விட்டுருங்க. 21 கியர், 24 கியர்னு ஸ்டிக்கர் ஒட்டறது விக்கறதுக்கு, ஏறறதுக்கு வேண்டியது ஒரே ஒரு கணக்கு. முன்னாடி சின்ன வட்டத்துல எத்தனை பல்லு, பின்னாடி பெரிய வட்டத்துல எத்தனை பல்லு, முன்னத பின்னதால வகுங்க. முன்னாடி 28 பின்னாடி 28 இருக்கற 21 கியர் வண்டியில அது சரியா 1, பெடல் ஒரு சுத்துக்கு பின் சக்கரமும் ஒரு சுத்து, ஆழியாறு தாண்டி வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி ஏறறதுக்கு புது ஆளு காலுக்கு அது ஆகாது, எறங்கி தள்ளத்தான் வேணும். முன்னாடி 22 பின்னாடி 34ன்னா 0.65 வருது, ஒக்காந்தபடியே மெதுவா ஏறிரலாம். முன்னாடி ஒத்த வட்டம் வர்ற வண்டியும் இதே கணக்குதான், 32க்கு பின்னாடி 51 இருந்தா 0.63, பிரமாதம், அதே 32க்கு பின்னாடி 34தான்னா 0.94, அது கிட்டத்தட்ட அந்த 21 கியர் கதைதான். 0.75க்கு கீழ வர்ற வண்டியா பாருங்க. வாய்க்கால் மேடு மட்டும்தான் ஓட்டுவேன்னா இத கண்டுக்க வேண்டாம்.

ஃபோர்க்குல இந்த வெலைக்கு வர்றது சன்டூர் எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் மாதிரி சுருள் ஸ்பிரிங் வகை, 80 இல்ல 100 மில்லிமீட்டர் ஆட்டம். கனமாத்தான் இருக்கும், ஆனா இட்டேரி குழிக்கு வேலை செய்யும். 55 கிலோ ஆளுக்கு அதே ஸ்பிரிங் கட்டையா தெரியும், 90 கிலோ ஆளுக்கு அடி வரைக்கும் முட்டும், ஏர் ஃபோர்க்குல பம்ப் அடிச்சு எடைக்கு தகுந்தாப்ல வெச்சுக்கலாம், அதுதான் அதோட பெரிய சௌகரியம். மொத வண்டியிலயே ஏர் வேணும்னு இல்லைங்க, ஆனா ஃப்ரேமோட ஹெட் ட்யூப், அதாவது ஹேண்டிலுக்கு கீழ ஃபோர்க் நுழையற முன் குழாய், கீழ அகலமா வர்ற டேப்பர் வகையான்னு பாத்துக்குங்க, நேரான ட்யூபா இருந்தா பின்னால நல்ல ஏர் ஃபோர்க் மாட்டறதுக்கு கஷ்டம், இப்ப வர்ற நல்ல ஏர் ஃபோர்க்குல பெரும்பாலும் டேப்பர்தான்.

டிரெக் மார்லின், ஜயன்ட் டேலன், ஸ்காட் ஆஸ்பெக்ட், மெரிடா பிக் நைன்னு பேரு கேட்டிருப்பீங்க, இதெல்லாம் ஆரம்ப ஹார்ட்டெயில் வரிசைதான், ஒவ்வொரு பேருலயும் கீழ மேலன்னு நாலஞ்சு மாடல் வரும், அதனால பேர வெச்சு முடிவு பண்ணாதீங்க, மேல சொன்ன நாலயும் அந்தந்த மாடல்ல பாருங்க. சில கம்பெனிக ஃப்ரேம்லயே எந்த தடத்துக்கான வண்டின்னு 1லருந்து 5 வரைக்கும் நம்பர் ஒட்டியிருப்பாங்க, ஏஎஸ்டிஎம்னு ஒரு தர நிர்ணய அமைப்போட கணக்கு. 2ன்னா மண் ரோடு, 15 சென்டிமீட்டர் வரைக்கும் எறக்கலாம். 3ன்னா கரடுமுரடான தடம், 61 சென்டிமீட்டருக்குள்ள. நமக்கு 3.

செகண்ட்ஸ் நம்ம ஊர்கள்ல நல்லாவே கெடைக்குதுங்க, ஆசைக்கு வாங்கி ரெண்டு மாசம் ஓட்டிட்டு மாடிப்படிக்கு கீழ நிறுத்தினது நெறைய. 45,000 வண்டி 25,000க்கு வர வாய்ப்பிருக்குது. போறப்ப ஒரு ஸ்கேல் கொண்டு போங்க. செயின்ல 12 முழு கண்ணி சரியா 12 இன்ச் இருக்கோணும், ஒரு பின்னு நடுவுல ஸ்கேலோட சைபர வெச்சு 12 இன்ச் எடத்துல பின்னு எங்க நிக்குதுன்னு பாருங்க, ஒரு இன்ச்சுல பதினாறுல ஒரு பங்கு தள்ளி இருந்தா செயின் மாத்தற நேரம் வந்தாச்சு, அதுல ரெட்டிப்பா, எட்டுல ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தா பின்னாடி பல்லும் அனேகமா சேந்தே தேஞ்சிருக்கும், கேசட் வெலையயும் பேரத்துல கழிச்சுக் கேளுங்க. அப்பறம் ஃபோர்க்கோட வழவழப்பான குழாயில நகத்த ஓட்டிப் பாருங்க, நகம் சிக்கற மாதிரி கீறல் இருந்தா சீல் கிழிஞ்சு ஆயில் கசியும். ஹெட் ட்யூப்பும் கீழ் குழாயும் சேர்ற வெல்டிங்ல பெயின்ட் முடி கணக்கா கோடு விட்டிருக்குதான்னு வெளிச்சத்துல பாருங்க. அங்க கோடு இருந்துச்சுன்னா எவ்வளவு மலிவா குடுத்தாலும் திரும்பி வந்துருங்க.

ரோட்டு சைக்கிளுக்கும் மவுண்டன் பைக்குக்கும் நடுவுல இருக்கற ஹைபிரிட் வாங்கலாமான்னு நெறைய பேரு கேக்கறாங்க. வேலைக்கு போக வர, அவிநாசி ரோடு, பல்லடம் ரோடுன்னு தார் ரோடுதான் முக்கால்வாசின்னா தாராளமா அதையே எடுங்க, ஃபோர்க்குல ஷாக் இல்லாததா பாத்து எடுங்க. ஆனி ஆடில பாலக்காட்டு கணவாய்க் காத்து எதுருல அடிக்கறப்ப தடிச்ச டயரோட மல்லு கட்டறவங்களுக்கு அதோட அருமை தெரியும். இட்டேரிக்கும் சரளைக்கும் அது பத்தாது.

சக்கர அளவுல பெருசா கொழப்பிக்க வேண்டாம், ஆள் அஞ்சரை அடிக்கு மேலன்னா 29 இன்ச், கீழன்னா 27.5, ஃப்ரேம் சைஸ்தான் முக்கியம். தடிமன் பெருசா இல்லாத ஷூ போட்டுட்டு வண்டிய ரெண்டு காலுக்கு நடுவுல விட்டு நில்லுங்க, மேல் குழாய்க்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு மூணு இன்ச் எடம் இருக்கோணும். இருக்கற ஸ்டாக்க தள்றதுக்காக “சீட்ட எறக்கிக்கலாம் தம்பி”ன்னு சொன்னா கேக்காதீங்க, சீட்டு எறங்கும், ஃப்ரேம் நீளம் கொறையாது.

முள்ளுக்குன்னு தனியா ரெண்டாயிரம் எடுத்து வெச்சுருங்க. கொறங்காட்டு கிளுவை வேலி வெட்டிப் போட்ட எடத்துல, வெள்வேலா முள்ளு விழுந்த தடத்துல போனா ஒரே ஓட்டத்துல ரெண்டு சக்கரமும் எறங்கிரும். ரிம் டியூப்லெஸ்ஸுக்கு தோதா இருந்தா சீலன்ட் ஊத்தி ஓட்டுங்க, முள்ளு குத்தின எடத்துல வெள்ளையா நுரைச்சு அதுவே அடைச்சுக்கும், ஆனா நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு போயிரும், திரும்ப ஊத்தோணும். டியூப் வண்டின்னா உபரி டியூப் ரெண்டு, டயர் லீவர், கை பம்ப் இது மூணும் இல்லாம வாய்க்கால் மேட்டுக்கு போகாதீங்க, புது டியூப் மாட்டறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கத்துல விரல மெதுவா ஓட்டி முள்ளு முனை உடைஞ்சு நிக்குதான்னு பாத்து புடுங்கிருங்க, இல்லைனா அடுத்த அரை மணி நேரத்துல அதுவும் போயிரும். காத்து 2.2 இன்ச் டயருக்கு 70 கிலோ ஆளு டியூப்போட 28, 30 பிஎஸ்ஐ வெச்சா போதும். கடையில 50 அடிச்சுக் குடுப்பாங்க, அதுல சரளைல ஓட்டினா கல்லு கல்லா துள்ளும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் மொத நாள் எறக்கத்துக்கு போகாதீங்க. ஆள் இல்லாத தார் ரோட்டுல கொஞ்சம் வேகமா மிதிச்சு, சக்கரம் லாக் ஆகாம அழுத்தமா புடிச்சு வேகத்த கொறைச்சு, திரும்பவும் மிதிச்சுன்னு முன்னுக்கு பதினஞ்சு இருவது தடவ, பின்னுக்கு அதே மாதிரி பண்ணுங்க, அப்பத்தான் புது பேடு டிஸ்க்குல படிஞ்சு முழுசா புடிக்க ஆரம்பிக்கும். ஸ்போக் மொத மாசத்துல லேசா தளரும், ஃப்ரீ சர்வீஸ்னு கடைக்காரர் சொன்ன தேதிய விட்டுராம கொண்டு போயி சக்கரத்த கோட்டம் எடுத்துட்டு வந்துருங்க.