ஜிபிபிக்கு ஸ்பெசோலிமாப்: நெடுநாள் போட்டுக்கொண்டவரின் அனுபவம்

ஜிபிபி என்கிற சீழ்க்கொப்புள சொரியாசிஸ் என்ற தோல் நோய் எனக்கு இருக்கிறது. நோயே அபூர்வம், அதனால் அதற்கான ஸ்பெசோலிமாப் என்ற இந்த மருந்தை நெடுநாள் எடுத்தவர்கள் எழுதியது கிடைப்பது கஷ்டம்.

நோய் கிளம்பும்போது முதலில் தோல் சிவந்து எரியும், அதன்மேல் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள், சில மணி நேரத்தில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து சீழ் தேங்கி நிற்கும், கூடவே குளிர்காய்ச்சலும் மூட்டுவலியும். சீழைப் பார்த்ததும் எனக்கு ஆன்டிபயாடிக்தான் ஏற்றினார்கள். சீழில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளரவில்லை, ஏனென்றால் அது கிருமியில்லாத சீழ், முழுக்க வெள்ளணுக்கள். இன்டர்லூக்கின்-36 என்ற அழற்சிச் சமிக்ஞை கட்டுப்பாடின்றி ஓடுவதுதான் காரணம். அதை அடக்கும் புரதத்தின் மரபணுவே சிலருக்குப் பழுது என்று 2011இல் கண்டுபிடித்தார்கள்.

முன்பு அசிட்ரெட்டின் என்ற மாத்திரை எடுத்தேன், உதடு வெடித்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் கேட்டது, ஆனால் ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஏற, நிறுத்த வேண்டியதாயிற்று. ஸ்டீராய்டு மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: முதலில் அருமையாகக் கேட்கும், குறைக்க ஆரம்பித்ததும் நோய் இன்னும் மூர்க்கமாகத் திரும்பும். வேறு காரணத்துக்கு யாராவது எழுதிக்கொடுத்தால்கூட உங்கள் தோல் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள், ஏற்கெனவே எடுப்பவர்கள் திடீரென நிறுத்தவும் கூடாது.

ஸ்பெசோலிமாப் அந்த இன்டர்லூக்கின்-36 செல்லில் வந்து ஒட்டும் ஏற்பியையே அடைக்கிறது. 900 மில்லிகிராம், நரம்பு வழியாக, 90 நிமிடம். முக்கிய ஆய்வில் ஒரு வாரத்தில் 54 சதவீதம் பேருக்குக் கொப்புளமே கண்ணில் படவில்லை, போலி மருந்து ஏற்றியவர்களில் அது 6 சதவீதம். எனக்குக் காய்ச்சல் சீக்கிரமே இறங்கியது, புதுக் கொப்புளம் நின்றது, பழையவை காய்ந்து தோல் தாள்தாளாக உரிந்தது, காலையில் போர்வையை உதறினால் தரையெல்லாம் செதில். சிவப்பு மட்டும் லேசில் போகவில்லை, அசதி அதைவிட நீண்டது. ஒரே ஊசியில் மறுநாளே பழையபடி நடமாடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

இப்போது நோய் திரும்பாமலிருக்க அதே மருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம், தோலுக்கடியில் போடும் ஊசி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் வலி குறைவு. போட்ட இடம் சிவந்து தடிக்கும், அப்புறம் வடிந்துவிடும். சிறுநீர்த் தொற்று எனக்கு வந்தது, அது இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுதான். தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை உண்டு, உயிருள்ள தடுப்பூசிகள் கூடாது. தோல் சுத்தமாக இருக்கும் மாதங்களில் இனி எதற்கு ஊசி என்று தோன்றும். தடுப்புக்கான ஆய்வில் இந்த அளவு போட்டவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் 84 சதவீதம் குறைந்திருக்கிறது, அதனால் நான் தள்ளிப்போடுவதில்லை.

பயாப்ஸி அறிக்கை, நோய் கிளம்பியபோது எடுத்த படங்கள், மருந்தின் பெயரும் அளவும் எழுதிய கடிதம் மூன்றையும் ஃபோனில் வைத்திருங்கள். அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவர் இந்த நோயை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. தொற்று இல்லை என்று அவர் உறுதிசெய்துகொள்ளட்டும், அது தேவைதான், ஆனால் அதே நேரத்தில் உங்கள் தோல் மருத்துவருக்கும் ஃபோன் போகட்டும்.